பழைய அமெரிக்கப் பொறியாளர்கள், தொழிலதிபர்களின் உருவப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிசன், டெஸ்லா, ஃபோர்டு, கார்னகி என்று பெயரைச் சொன்னதும் நம் மனத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்து நிற்கிறது. அந்தப் படம் யார் எடுத்தது, எப்போது எடுத்தது, படத்தில் இருப்பது உண்மையிலேயே அவர்தானா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பள்ளிக் கண்காட்சிக்குச் சுவர்ப்படம் தயாரிக்கும் ஆசிரியர்கள், சிறுவர் இதழுக்கு எழுதும் நண்பர்கள், விக்கிப்பீடியாவில் கட்டுரை சேர்ப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கூகுளில் தேடினாலே ஆயிரம் படம் வருகிறதே, அப்புறம் எதற்கு ஆவணக் காப்பகம்?

கூகுளில் வருவது பெரும்பாலும் நகலின் நகல். யாரோ ஓரத்தை வெட்டியிருப்பார், யாரோ பெயரை மாற்றிப் போட்டிருப்பார். காப்பகத்தில் இருப்பது மூலம். அது கண்ணாடி நெகட்டிவாகவோ அக்கால அச்சுப்படமாகவோ இருக்கும். கூடவே ஓர் எண், படம்பிடித்தவரின் பெயர், படம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்ற குறிப்பு எல்லாம் இருக்கும்.

முதலில் போக வேண்டிய இடம் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம். அதன் இணையதளத்தில் பெரிய அளவு ஸ்கேன்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம், டெலவேர் மாநிலத்தில் டு பாண்ட் குடும்பத்தின் பழைய வெடிமருந்து ஆலை வளாகத்தில் உள்ள ஹேக்லி நூலகம், மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம், நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் எடிசன் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆகியவையும் நல்ல இடங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பழைய படங்கள் பல லட்சம் ஸ்கெனெக்டடி நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றன.

இதெல்லாம் யார் எடுத்தது? போட்டோகிராஃபர் ஃபேக்டரிக்கே வந்து எடுத்தாரா?

ஆரம்ப காலத்தில் வரவில்லை, இவர்கள்தான் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். 1878 ஏப்ரலில் எடிசன் ஒலியைப் பதிவுசெய்யும் தன் ஃபோனோகிராஃப் கருவியை அறிவியல் அகாதமியிலும் குடியரசுத் தலைவர் ஹேய்ஸிடமும் காட்டுவதற்காக வாஷிங்டன் வந்தார். வந்த இடத்தில் மேத்யூ பிரேடியின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். மேசைமேல் கருவி, பக்கத்தில் 31 வயது இளைஞர். நரைத்த தலையோடு நாம் பார்த்துப் பழகிய கிழவர் அல்ல அவர். படம்பிடித்தவர் பிரேடியின் உறவினரான லெவின் ஹேண்டி. இன்று அந்த நெகட்டிவ் பிரேடி–ஹேண்டி தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தொகுப்பை ஹேண்டியின் மகள்களிடமிருந்து காங்கிரஸ் நூலகம் 1954இல் பெற்றது.

அடுத்து வந்தவை செய்தி நிறுவனங்கள். ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் நியூயார்க்கில் நடத்திய நிறுவனம் பத்திரிகைகளுக்குப் படம் விற்றது. அதன் கண்ணாடி நெகட்டிவ்கள் ஏறத்தாழ 40,000 இப்போது அதே நூலகத்தில் உள்ளன. கப்பலிலிருந்து இறங்கும் தொழிலதிபர், நீதிமன்றப் படியில் நிற்கும் இரும்பாலை முதலாளி என்று ஸ்டூடியோ ஜோடனை இல்லாத முகங்களை அதில்தான் பார்க்கலாம். மூன்றாவது வகை, பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த சொந்தப் படப்பிரிவுகள் எடுத்தவை. நிறுவனம் தன்னை எப்படிக் காட்ட நினைத்ததோ அப்படித்தான் அந்தப் படங்கள் இருக்கும்.

எலி விட்னி, ராபர்ட் ஃபுல்டன் போட்டோ மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லையே?

கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. உலோகத் தகட்டில் படம் பதியும் டாகுரேயின் ஒளிப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839இல். நீராவிப் படகு ஃபுல்டன் 1815இலும், பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் 'ஜின்' இயந்திரத்தின் விட்னி 1825இலும் இறந்துவிட்டார்கள். அவர்கள் 'போட்டோ' என்று வருவதெல்லாம் ஓவியத்தின் நகல் அல்லது செதுக்குப் படம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. விட்னியை 1822இல் ஓவியமாகத் தீட்டியவர் சாமுவேல் மோர்ஸ். தந்தி கண்டுபிடித்த அதே மோர்ஸ்தான். அவர் அடிப்படையில் ஓவியர். 1839இல் பாரிஸில் டாகுரேயை நேரில் சந்தித்துவிட்டு வந்து, நியூயார்க்கில் ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொடுக்கவும் செய்தார்.

அப்படியானால் அமெரிக்காவில் முதலில் போட்டோ எடுத்துக்கொண்டது யார்?

இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய அமெரிக்க உருவப்படம் ஒரு விளக்குத் தயாரிப்பாளருடையது. பிலடெல்பியாவில் குடும்ப விளக்குத் தொழிலில் இருந்த ராபர்ட் கார்னீலியஸ், உலோகமும் வேதியியலும் தெரிந்தவர். 1839இல் கடைக்கு வெளியே வெயிலில் கேமராவை வைத்து, தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டார். கலைந்த தலைமுடி, மார்பில் கட்டிய கை, சட்டத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிய உருவம். கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லாததால் நடுவில் நிற்கிறோமா என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை.

கொஞ்ச காலம் ஸ்டூடியோ நடத்திவிட்டுச் சில ஆண்டுகளிலேயே அவர் விளக்குத் தொழிலுக்கே திரும்பிவிட்டார். அந்தத் தகடு காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. தொழில் முனைவோர் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எல்லாரும் ஏன் சார் இப்படி உர்ருன்னு இருக்காங்க?

நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்பது பாதிக் காரணம். ஆரம்பத் தகடுகளுக்கு நிமிடக் கணக்கில் ஒளி தேவைப்பட்டது. பின்னர் வந்த ஈரத் தட்டுக்கு, அதாவது பூசிய மருந்து காய்வதற்குள் படம் எடுக்க வேண்டிய கண்ணாடித் தட்டுக்கு, சில வினாடிகள். தலை ஆடாமல் இருக்கப் பின்கழுத்தில் இரும்புக் கவ்வி வைப்பார்கள். முழு உருவப் படங்களில் காலணிக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள், அந்தத் தாங்கியின் அடிப்பாகம் சில சமயம் எட்டிப் பார்க்கும்.

ஆனால் 1880களில் உலர் தட்டு பரவியபின் ஒரு வினாடிக்குள் படம் எடுக்க முடிந்தது. அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் வழக்கம். வீட்டு வரவேற்பறையில் மாட்டும் ஓவியத்துக்கு உட்காருவது போலத்தான் கேமரா முன்னும் உட்கார்ந்தார்கள். வங்கியும் பங்குதாரர்களும் பார்க்கப்போகும் படத்தில் முதலாளி கனமாகத்தான் தெரிய வேண்டும்.

படத்தில் தேதியே இல்லை. எந்த வருஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்கும். ஒரு ஸ்டூடியோ எந்தத் தெருவில் எத்தனை வருஷம் இருந்தது என்பதை அந்த ஊரின் பழைய முகவரிப் புத்தகங்களில் பார்த்துவிடலாம். படம் ஒட்டிய அட்டை உள்ளங்கை அளவு என்றால் பெரும்பாலும் 1860கள். அதைவிடப் பெரிய, சுமார் பதினாறரைக்குப் பதினொரு செண்டிமீட்டர் 'கேபினெட்' அட்டை என்றால் அதற்குப் பிந்தையது.

பின்பக்கத்தில் சிறிய வரி வில்லை ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம்தான். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை ஒளிப்படங்களுக்கு வரி போட்டார்கள். வில்லை இருந்தால் அட்டை அந்த இரண்டு ஆண்டுக்குள் விற்றது. மேலே பேனாவால் கிறுக்கி ரத்து செய்திருப்பார்கள், சில சமயம் அதிலேயே தேதியும் கிடைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அட்டையின் வயது வேறு, முகத்தின் வயது வேறு. 1840களில் எடுத்த தகட்டை 1860களில் மறுபடி படம்பிடித்து அட்டையாக விற்பது சகஜம். ஆள் இறந்தபின் விற்ற அட்டைகளும் உண்டு.

கோட் பட்டன் தப்புப் பக்கம் இருக்கிறது. ஸ்கேன் செய்தவர் புரட்டிப் போட்டுவிட்டாரா?

அப்படியும் நடக்கும். ஆனால் டாகுரே தகடும், மெல்லிய இரும்புத் தகட்டில் எடுக்கும் தகரப்படமும் இயல்பிலேயே கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித்தான் வரும். அவற்றுக்கு நெகட்டிவ் கிடையாது, கேமராவுக்குள் போன தகடே படம். அதனால் ஆண்கள் கோட்டின் பட்டன் எதிர்ப்பக்கமாகவும், வகிடு மறுபக்கமாகவும் தெரியும். புரட்டிச் 'சரிசெய்வதற்கு' முன் அது எந்த வகைப் படம் என்று பாருங்கள். சரிசெய்தே ஆக வேண்டும் என்றால், புரட்டியிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நெகட்டிவிலேயே பேர் எழுதியிருக்கே, அது போதாதா?

போதாது. பெய்ன் நிறுவனத்தில் அவசர அவசரமாக நெகட்டிவ் மேலேயே பெயரை எழுதினார்கள். எழுத்துப்பிழை நிறைய, சில சமயம் ஆளே வேறு. காங்கிரஸ் நூலகமே இந்தப் படங்களின் பட்டியலில், தலைப்பு சரிபார்க்கப்படாத தகவலிலிருந்து எடுத்தது என்று நேர்மையாகக் குறிப்பிடுகிறது. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

குறைந்தது இன்னொரு படத்தோடு ஒப்பிடுங்கள். காது மடலின் வடிவம், புருவத்தின் கோணம் வயதானாலும் அதிகம் மாறாது. தாடி மீசையை நம்பவே கூடாது.

ஐன்ஸ்டைனும் டெஸ்லாவும் சேர்ந்து நிற்கும் படம் உண்மைதானே?

படம் உண்மை, பெயர்தான் தவறு. 1921 ஏப்ரலில் ஐன்ஸ்டைன் நியூ ஜெர்சியில் நியூ பிரன்ஸ்விக் வானொலி நிலையத்தைப் பார்க்கப் போனார். அங்கே பொறியாளர்கள் பலர் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட குழுப்படம் அது. டெஸ்லா என்று அம்புக்குறி போட்டுப் பகிரப்படுகிறவர் ஜான் கார்சன். தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர், வானொலி அலைகளை அனுப்பும் முறையில் பெரிய பங்களித்தவர். தன் படத்திலேயே தன் பெயரை இழந்து நிற்கிறார் மனிதர்.

இதே படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. ஐன்ஸ்டைன் பக்கத்தில் குள்ளமாக, முதுகு வளைந்து நிற்பவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சார்லஸ் ஸ்டெயின்மெட்ஸ். மாறுமின்னோட்டக் கணக்கீட்டைப் பொறியாளர்கள் கையாளும்படி எளிதாக்கியவர். மற்ற எல்லாரையும் அழித்துவிட்டு, இவர்கள் இருவர் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பது போல ஒரு வடிவத்தை நிறுவனம் வெளியிட்டது. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே இது நடந்தது. குழுப்படத்தையும் இரட்டைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

மின்னல் தெறிக்கும் கூடத்தில் டெஸ்லா உட்கார்ந்து படிக்கிறாரே, அதுவும் போலியா?

போலி என்று சொல்ல மாட்டேன், இரட்டைப் பதிவு. 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வுக்கூடத்தில் டிக்கன்சன் ஆலி என்பவர் எடுத்தது. இருட்டில் முதலில் மின்பொறிகளைத் தட்டில் பதிவு செய்தார்கள். கருவியை நிறுத்தியபின் டெஸ்லா நாற்காலியில் வந்து உட்கார, அதே தட்டில் அவரையும் பதிவு செய்தார்கள். இதை டெஸ்லாவே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். மின்பொறியும் உண்மை, மனிதரும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை, அவ்வளவுதான். படத்தைப் போடும்போது அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அந்தக் காலத்தில் போட்டோஷாப் இல்லை. முகமாவது உள்ளபடி இருக்கும் அல்லவா?

நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' என்று சொல்வார்களே, அது அங்கேயும் அன்றாட வேலைதான். கூர்மையான பென்சிலால் நெகட்டிவ் மேல் மெல்லத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் அச்சில் வெளுப்பு ஏறும். சுருக்கமும் அம்மைத் தழும்பும் மறைந்துவிடும்.

எஃகு, மின்சாரம் இரண்டிலும் பெரும் நிறுவனங்களைச் சேர்த்துக் கட்டிய நிதியாளர் ஜே. பி. மார்கனுக்கு மூக்கில் தோல் நோய் இருந்தது. 1903இல் எட்வர்ட் ஸ்டைக்கன் அவரைச் சில நிமிடங்களில் இரண்டு படங்கள் எடுத்தார். மூக்கை டச்சிங் செய்து மென்மையாக்கிய படம் மார்கனுக்குப் பிடித்தது. இன்னொன்றின் மாதிரி அச்சைக் கிழித்துப் போட்டார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டாவதைத்தான். அதில் நாற்காலிக் கைப்பிடியில் விழுந்த வெளிச்சம், அவர் கையில் கத்தி பிடித்திருப்பது போலவே தெரியும்.

தட்டின் வேதியியலும் முகத்தை மாற்றும். பழைய தட்டுகளுக்கு நீலம் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் நீலக் கண்கள் வெளிறிப்போய் அச்சமூட்டும், வெயிலில் சிவந்த தோல் கறுத்துத் தெரியும். கட்டுமான இடத்திலேயே வாழ்ந்த பொறியாளர்கள் படத்தில் வயதுக்கு மீறிக் கரடுமுரடாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாமே வெள்ளைக்கார ஆண்கள்தானா? வேறு யாருமே பொறியாளராக இல்லையா?

இருந்தார்கள், ஆனால் கேமரா முன் வரும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்கு, மேற்கு ரயில் பாதைகள் சந்தித்தபோது ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் கைகுலுக்குகிறவர்கள் இரண்டு தலைமைப் பொறியாளர்கள், சாமுவேல் மான்டேக், கிரென்வில் டாட்ஜ். எஞ்சின்களின் முகப்பில் ஏறி நின்று சிலர் பாட்டிலை நீட்டுகிறார்கள். மேற்குப் பாதையைப் போட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் சீனர்கள், ஆயிரக்கணக்கானவர்கள். இந்தப் புகழ்பெற்ற படத்தின் கூட்டத்தில் அவர்களைத் தேடிக் களைத்துப் போவீர்கள்.

பெண்கள் பல சமயம் கணவர் பெயருக்குள் மறைந்திருப்பார்கள். 1905இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் முடித்த நோரா பிளாட்சைத் தேடும்போது, அவர் சில காலம் வானொலிக் கண்டுபிடிப்பாளர் லீ டி ஃபாரஸ்டின் மனைவி என்பதால் 'திருமதி டி ஃபாரஸ்ட்' என்றும் தேட வேண்டும். கறுப்பினத் தொழில்முனைவோர் மேடம் சி. ஜே. வாக்கரை வாஷிங்டனில் கறுப்பினத்தவரான அடிசன் ஸ்கர்லாக் எடுத்த படம் மிக அழகானது. ஸ்கர்லாக் ஸ்டூடியோவின் சேகரிப்பு ஸ்மித்சோனியனில் இருக்கிறது. பெரிய செய்தி நிறுவனத் தொகுப்புகளில் கிடைக்காத முகங்களை இப்படிப்பட்ட ஸ்டூடியோக்களின் சேகரிப்புகளில் தேடுங்கள்.

நூறு வருஷப் படம்தானே, அப்படியே எடுத்துப் போட்டுவிடலாமா?

பெரும்பாலும் போடலாம், ஆனால் கணக்கு 'எடுத்த' ஆண்டிலிருந்து அல்ல. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வெளியிட்ட படத்துக்குப் பதிப்புரிமை அதிகபட்சம் 95 ஆண்டு. 1925இல் பத்திரிகையில் வந்த படம் 2021 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆனது, அதாவது யாரும் பயன்படுத்தலாம் என்றானது. வெளியிடாமல் பெட்டியில் கிடந்த படத்துக்கு, எடுத்தவர் இறந்து 70 ஆண்டு. எடுத்தவர் பெயர் தெரியாவிட்டால் எடுத்ததிலிருந்து 120 ஆண்டு. அதனால்தான் குடும்ப ஆல்பப் படங்களில் கவனம் தேவை. இந்தியச் சட்டத்தில் ஒளிப்படத்துக்கு, 2012 திருத்தத்துக்கு முன் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு; அந்தத் திருத்தத்துக்குப் பின் எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு.

காங்கிரஸ் நூலகம் பெய்ன் படங்களுக்கு 'வெளியிடத் தெரிந்த தடை ஏதும் இல்லை' என்று எழுதுகிறது. அது அனுமதிச் சீட்டு அல்ல, தாங்கள் பார்த்தவரை தடை இல்லை என்ற தகவல்.

ஒரு படவங்கி அதே படத்துக்குக் காசு கேட்கிறது. அது மேல் அவர்கள் பெயரும் இருக்கிறது. என்ன செய்வது?

1999இல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், பொதுவுடைமையான தட்டைப் படைப்பை உள்ளது உள்ளபடி நகலெடுப்பதால் புதிய பதிப்புரிமை பிறக்காது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவர்கள் ஸ்கேனை அவர்கள் தளத்திலிருந்து எடுத்தால், அந்தத் தளத்தின் நிபந்தனைகளுக்கு நீங்கள் உட்பட்டுவிடக்கூடும். எளிய வழி, முதல் கேள்வியில் சொன்ன காப்பகங்களில் அதே படத்தைத் தேடி அங்கிருந்தே இறக்கிக்கொள்வது. பெரும்பாலும் தரமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

எங்கள் பயிற்சி மையத்தின் விளம்பரத்தில் எடிசன் முகத்தைப் போடலாமா?

பதிப்புரிமை முடிந்துவிட்டது என்பதும் அந்த முகத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதும் வேறு வேறு. அமெரிக்காவில் சில மாநிலங்கள் இறந்தவருக்கும் தன் முகத்தின் மேல் உரிமை தருகின்றன. கலிபோர்னியாவில் இறந்து 70 ஆண்டு, இந்தியானாவில் 100 ஆண்டு. பாடப் பக்கத்துக்கும் கட்டுரைக்கும் தயங்காமல் போடுங்கள். விளம்பரம் என்றால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும், இறந்த மனிதர் உங்கள் மையத்தைப் பரிந்துரைப்பது போன்ற வாசகத்தை அவர் வாயில் திணிப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

ஏஐ வைத்து கலராக்கி, தெளிவாக்கிப் போட்டால் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்களே?

பிள்ளைகள் விரும்புவார்கள் என்பது உண்மைதான். ஆனால் மங்கிய முகத்தை அந்தச் செயலி தெளிவாக்குவதில்லை, வேறு ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்துப் புதிதாக ஒன்றை வரைகிறது. கண்மணியும் பல்லும் அதன் கற்பனை. கோட்டின் நிறமும் அப்படித்தான். தட்டுக்குச் சிவப்பு தெரியாது என்று மேலே டச்சிங் கேள்வியில் சொன்னேன், தெரியாத நிறத்தை மீட்க வழியே இல்லை.

சேதமும் ஒரு சாட்சி. 1913 மார்ச்சில் டேட்டன் நகர வெள்ளத்தில் ரைட் சகோதரர்களின் கண்ணாடி நெகட்டிவ்கள் நாள் கணக்கில் நீரில் கிடந்தன. முதல் பறத்தலைப் பதிவு செய்த தட்டின் ஒரு மூலைகூடச் சிதைந்திருக்கிறது. அந்தச் சிதைவை அழகாக நிரப்பிவிட்டால் வெள்ளமும் அழிந்துபோகும். கலராக்கியே ஆக வேண்டுமானால் மூலப்படத்தையும் பக்கத்தில் போட்டு, எது எது என்று எழுதுங்கள்.

படத்துக்குக் கீழே என்னதான் எழுத வேண்டும்? 'நன்றி: இணையம்' போதுமா?

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். யார், எப்போது, எடுத்தவர், தொகுப்பு, காப்பகம், எண். எடிசன் படத்துக்கு இப்படி எழுதலாம்: 'தாமஸ் எடிசன், 1878. படம்: லெவின் ஹேண்டி, பிரேடி ஸ்டூடியோ. பிரேடி–ஹேண்டி தொகுப்பு, காங்கிரஸ் நூலகம், வாஷிங்டன்', அதன் பிறகு நூலகத்தின் எண். இடம் போதவில்லை என்றால் மற்றதைச் சுருக்குங்கள், எண்ணை மட்டும் விடாதீர்கள். எண் இருந்தால் யாரும் எப்போதும் மூலத்துக்குத் திரும்பிப் போகலாம்.

ஒரு படத்தில் ஒருவர் பெயர் தெரிகிறது, பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரியவில்லை. வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள், 'இடப்பக்கம் நிற்பவர் அடையாளம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். கார்சனுக்கு நடந்ததை மேலே பார்த்தோம். 2008 ஜனவரியில் காங்கிரஸ் நூலகம் பெய்ன் படங்களைப் படம் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அன்றிலிருந்து வாசகர்கள் பழைய நாளிதழ்களைப் புரட்டி, இவர் இன்னார், இது இந்த நாள் என்று கண்டுபிடித்து எழுதுகிறார்கள். நூலகம் சரிபார்த்துத் தன் பட்டியலைத் திருத்துகிறது. உங்களுக்கு ஒரு முகம் அடையாளம் தெரிந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் படத்தின் எண்ணையும் சேர்த்து அங்கேயே எழுதிப் போடுங்கள்.